பதினொரு படகின் முறை

ஸுல்பிகாவின் சி.ஆர். கொப்பியில் இடப்பக்கம் "செய்தது", வலப்பக்கம் "சந்தேகம்". நுரைச்சோலையில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் இணையத்தளம் செய்யப் பழக்கும் பின்னேர வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து அவள் அப்படித்தான் எழுதிவந்தாள். ஆறு மாதத்தில் இடப்பக்கங்களில் பாதி வெள்ளையாகவே கிடந்தன. வலப்பக்கங்களோ ஓரம் வரை நிரம்பி, மிச்சம் அடுத்த தாளுக்கும் போயிருந்தது.

செப்டெம்பர் மாதம் இரண்டாம் திகதி இடப்பக்கத்தில் ஒரே வரி: "ஆலங்குடா படகுச் சங்கத்துக்கு இணையத்தளம் செய்து தருவதாகச் சொல்லிவிட்டேன்." வலப்பக்கத்தில் அதைவிடச் சின்ன வரி: "ஏன் சொன்னேன்?"

ஏன் என்பது அவளுக்குத் தெரியும். அன்றைக்குச் சங்கத்தின் அங்கத்தவர் படிவங்களைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு அவள்தான் சங்கத்தார் கூடும் கொட்டிலான வாடிக்குப் போயிருந்தாள். பகலில் அவளுக்கு ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை. கடற்கரை வாடிக்குள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. செயலாளர் தோமஸ் இரண்டு கையிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஏலாது," என்றார். "பெற்றோல் வரிசைக் காலத்தில ஒருத்தனும் வரேல்ல எண்டு அழுதம். இப்ப வாறானுகள். சாப்பிடேக்க கோல், குளிக்கேக்க கோல், பூசையில நிக்கேக்க கோல். போன கிழமை பாதர் என்னைப் பார்த்த பார்வையில நான் செத்தே போனன். கொழும்புக் கம்பெனி ஒண்டு எல்லாத்தையும் தாங்களே பார்க்கிறதா சொல்லுது. போட்டுகளின்ட படத்தைக் குடுத்தாச் சரி. வாறவன் படத்தைப் பார்த்து, பிடிச்ச போட்டைத் தெரிவுசெய்வான்."

ஸுல்பிகா தன் வாப்பாவைப் பார்த்தாள். ஹயாத்து முகம்மது தன் படகு கிடந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கத்தில் மொத்தம் பதினொரு படகு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க வருகிறவர்களையும், மற்ற மாதங்களில் களப்புத் தீவுகளுக்குப் போகிறவர்களையும் அந்தப் பதினொன்றும் முறை வைத்து ஏற்றிப் போகும். முறை வந்தால் எந்தப் படகானாலும் போகும். அவருடையது எட்டாம் நம்பர், எல்லாவற்றிலும் பழையது. இடப்பக்கம் உடைந்து, சாம்பல் நிறத்தில் ஃபைபர் ஒட்டுப் போட்டது. மேலே நிழலுக்கு ஒரு கூரைச்சீலைகூட இல்லை.

"படத்தைப் பார்த்து எந்த மடையன் என்ட போட்டைக் கேட்பான்?" என்றார் வாப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஸுல்பிகாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"நான் செஞ்சு தாறன்," என்று அவள் வாய் சொல்லிவிட்டது. "முறை மாறாம, புக்கிங் தானா நடக்கிற மாதிரி. கம்பெனி வேணாம்."

தோமஸ் அவளையும் போன்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நவம்பர் முதல் சனிக்கிழமை கூட்டம். அதுக்குள்ள செஞ்சா உன்ட தளம். இல்லாட்டி கம்பெனி. ஹரியா?"

"ஓம்," என்றாள்.

அவள் எல்லாவற்றையும் தானே எழுதத் தொடங்கினாள். பக்கங்கள், படிவம், பதிவு, நாட்களைக் காட்டும் கலண்டர் எல்லாமே. கலண்டர் மட்டும் பன்னிரண்டு நாள் எடுத்தது. மாதம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது, எந்த மாதத்துக்கு முப்பத்தொரு நாள் என்று கொப்பியில் கட்டம் போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

வகுப்பில் அதைக் காட்டியபோது, படிப்பிக்கிற கௌசிகன் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்திருந்தான். அவனுக்கு வயது இருபத்தேழைத் தாண்டாது. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம்.

"கலண்டரையும் நீரேயா எழுதினீர்?"

"ஓம் சேர்."

"ஏன்? உலகத்தில ஆயிரம் கலண்டர் செய்து வச்சிருக்கிறாங்கள். எடுத்துப் பொருத்த வேண்டியதுதானே?"

"ஆயத்தமா ஈக்கிறத எடுத்துப் பொருத்தினா அது நான் செஞ்சதா ஆகாதே சேர்."

"கடையில பாண் இருக்கு," என்றான் கௌசிகன். "நீர் கோதுமை விதைக்கப் போறீர்."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் வலப்பக்கத்தில் எழுதியது வேறு: "சேர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் பாண் வாங்கத் தெரிந்தவளை யாரும் பேக்கரிக்காரி என்று சொல்வதில்லையே."

செப்டெம்பர் கடைசியில் அந்தத் தளத்தைப் பரீட்சித்துப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வருகிறவர்கள் தங்கும் விடுதியொன்றில் அறை ஒதுக்கியிருந்த ஓர் அவுஸ்திரேலியத் தம்பதி தீவுப் பயணத்துக்குப் பதிந்தார்கள். பயணத்துக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. தங்கள் ஊரில் இருந்துகொண்டே பதிந்தார்கள். தளம் செவ்வாய்க்கிழமை என்று காட்டியது. முறை செபஸ்தியாம்பிள்ளைக்கு. சங்கத்தின் மூத்த படகுக்காரரான அவர் செவ்வாய் காலை ஐஸ் பெட்டியில் தண்ணீர்ப் போத்தல் அடுக்கி, பெனியனை மாற்றிச் சேட் போட்டுக்கொண்டு ஒன்பது மணி வரை காத்திருந்தார். யாரும் வரவில்லை.

"என்ட மூஞ்சையைத் தூரத்தில கண்டே திரும்பிட்டானுகள் போல," என்றார்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குத் தொப்பியும் பையுமாக அந்தத் தம்பதி கரையில் வந்து நின்றார்கள். அவர்கள் பதிந்தது புதன்கிழமைக்கு. அன்றைக்கு ஒரு படகும் ஆயத்தமாக இல்லை.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு நாள் போனது. அவர்கள் தெரிவுசெய்த புதன்கிழமை, அவர்கள் ஊரின் நடுச்சாமத்தில் தொடங்குகிறது. அந்த நேரம் இங்கே இன்னும் செவ்வாய்க்கிழமை பின்னேரம். அவளுடைய கலண்டர் அதை நம்மூர் மணிக்கு மாற்றி, செவ்வாய் என்று எழுதிவிட்டது. ஆலங்குடாவில் இருந்துகொண்டு எத்தனை தரம் பரீட்சித்தாலும் அந்தப் பிழை கண்ணில் பட்டிருக்காது. ஆயத்தமாகக் கிடைக்கிற கலண்டர்களில் இதை எவ்வளவோ பேர் எவ்வளவோ ஊர்களில் முட்டிமோதி, எப்போதோ திருத்தி வைத்திருந்தார்கள்.

அன்று இடப்பக்கத்தில் அவள் ஒன்றும் எழுதவில்லை.

பயந்தவள் மறுகரைக்கே பாய்ந்தாள். தான் எழுதிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆயத்தமான புக்கிங் மென்பொருள் பொதியொன்றை முழுதாக இறக்கிப் பொருத்தினாள். மூன்றே நாளில் தளம் மின்னியது. படம், நட்சத்திரம், நாள், நேரம், வட்ஸ்அப்பில் உறுதிச் செய்தி எல்லாம் அதில் இருந்தன. "இப்பதான் தளம் மாதிரி இருக்கு," என்றான் கௌசிகன். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. படகுகளின் படங்களையும் அவளே எடுத்துப் போட்டாள், பொதி அதற்கு இடம் கேட்டதால். கேட்ட இடத்தையெல்லாம் நிரப்புவதுதான் ஒழுங்கு என்று நினைத்தாள்.

ஒரு கிழமையில் ஆறு புக்கிங் வந்தது. ஐந்து, ஜபாருடைய மூன்றாம் நம்பருக்கு. புதுசாக நீலம் பூசி, மஞ்சள் கூரைச்சீலை கட்டிய படகு. மற்றவர்கள் வாடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது பயணம் முடிந்து வந்த ஜபார், சந்தோஷப்பட வேண்டிய மனுசன், ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் மண்ணைப் பார்த்துக்கொண்டே வாடிக்குள் நுழைந்தார்.

"வாங்க முதலாளி," என்றார் செபஸ்தியாம்பிள்ளை. "கதிரை போடவா?"

"சும்மா இரிங்க காக்கா," என்றார் ஜபார். "எனக்கு முதுகும் போச்சு, மூஞ்சியும் போச்சு. மகள், என்ட போட்டின்ட படத்தைத் தளத்தில இருந்து எடுத்துவிடு. இல்லாட்டி நானே பெயின்டைச் சுரண்டிருவன்."

வீட்டுக்குப் போகும் வழியில் வாப்பா, "கம்பெனியும் இதைத்தானே செய்யும்?" என்று கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் அவளை அதிகம் சுட்டது. அவர் படகைக் காப்பாற்ற வந்தவள், கம்பெனி செய்ய இருந்ததைத் தன் கையாலேயே முந்திச் செய்துவிட்டாள்.

படங்களை எடுத்தாள். பொதியிலேயே சுற்றுமுறை என்று ஒரு தெரிவு இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை தோமஸுடைய முறை வந்தது. அவர் பூசைக்குப் போயிருந்தார். பொதி அவரை ஒரேயடியாக வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டது.

"ஆண்டவரிட்டப் போனதுக்குத் தண்டனையா?" என்று கேட்டார் தோமஸ். வாடியே சிரித்தது. ஆனால் பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "மகள், கூட்டத்துக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு," என்றார்.

அன்று பின்னேரம் வகுப்பில் அவள் கொப்பியில் நடுவே கோடு போட்டாள். ஒரு பக்கத்தில், எந்த ஊரில் எந்தக் கடையானாலும் ஒரே மாதிரி இருக்கிற விசயங்கள்: நாள், நேரம், பெயர், போன் நம்பர், எத்தனை பேர், உறுதிச் செய்தி, மொழி மாற்றுவது. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது, பதினான்கு ஆனது. மறுபக்கத்தில், ஆலங்குடாவில் மட்டும் இருக்கிற விசயம். ஒன்றுதான் வந்தது. யாருடைய முறை.

பதினான்கையும் தானே எழுதப் போய் ஒரு மாதம் போனது. அந்த ஒன்றை ஆயத்தப் பொதியிடம் கொடுக்கப் போய் வாப்பா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு தரமும் பிழையான பக்கத்திலேயே கை வைத்திருக்கிறாள்.

கௌசிகனிடம் கொப்பியைக் காட்டினாள். அவன் இரண்டு பக்கத்தையும் விரல் வைத்து வாசித்தான்.

"இந்த ஒண்டை எழுத என்னால உதவ ஏலாது," என்றான். "எனக்கு உங்கட முறை தெரியாது. உமக்குத் தெரியுமோ?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். படகுக்காரன் மகள். பிறந்ததிலிருந்து கேட்கிற சொல். ஆனால் எழுதிக் காட்டு என்றால் இரண்டு வரிக்கு மேல் வராது.

அடுத்த கிழமை முழுதும் கொமினிகேஷனுக்குப் போகுமுன் காலை ஐந்தரைக்கே வாடியில் போய் இருந்தாள். வாடியின் பின்சுவரில் ஒரு பலகை. அதில் வரிசையாகப் பதினொரு ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் படகு நம்பர் எழுதிய ஒரு வலை மிதப்புத் தொங்கும். போன படகின் மிதப்பைக் கழற்றிக் கடைசி ஆணியில் மாட்டுவார்கள். மற்றவை ஒவ்வோர் ஆணி முன்னே வரும். இவ்வளவுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

இவ்வளவு மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குப் பிறகு பயணம் வந்தால், ஜும்ஆத் தொழுகைக்குத் திரும்ப ஏலாது என்பதால் முஸ்லிம்களுடைய மிதப்புகள் அப்படியே நிற்க, பின்னால் நிற்கிற கிறிஸ்தவர் போவார். ஞாயிறு காலையில் அது அப்படியே தலைகீழ். விட்டுக்கொடுத்தவரின் ஆணி மாறாது. அடுத்த பயணம் அவருக்குத்தான். இதற்காக யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் எடுத்ததாக ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. கடல் கொந்தளித்து, கடலடிப் பாறைத்திட்டான பாரைத் தாண்டுமுன் திரும்பினால் அது போன கணக்கில் சேராது. தாண்டித் திரும்பினால் சேரும். வீட்டில் மையத்து விழுந்தால், அதாவது யாரும் இறந்தால், மிதப்பைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டுவார்கள். ஏழு நாளைக்கு யாரும் அதைத் தொடமாட்டார்கள், இடமும் பறிபோகாது.

ஒவ்வொரு அசைவையும் அவள் எழுதினாள். யார் மிதப்பை எடுத்தது, எங்கே மாட்டியது, ஏன்.

"என்ன மகள், சி.ஐ.டி. வேலையா?" என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

"உங்கட முறையை எழுதுறன் மாமா."

"எழுது, எழுது. எழுதி முடிச்சிட்டு எனக்கும் ஒரு கொப்பி தா. நானும் முப்பது வரியமா விளங்காமத்தான் இருக்கன்."

கலண்டர், படிவம், செய்தி எல்லாவற்றையும் ஆயத்தமானதாகவே விட்டாள். இம்முறை அதில் கை வைக்க மனம் துடிக்கவுமில்லை. முறையை மட்டும் தன் கையால் எழுதினாள். அறுபத்திரண்டு வரி கணினிக் கோட் வந்தது. கொப்பியில் எழுதியிருந்த ஒவ்வொரு நாளையும் அதற்குள் போட்டு, பலகையில் நடந்ததும் கோட் சொல்வதும் ஒன்றா என்று பார்த்தாள். ஒன்றாகவே இருந்தது. அப்படியும் நம்பிக்கை வரவில்லை. ஆகவே கடைசியில் ஒரு பொத்தானையும் சேர்த்தாள்: செயலாளர் விரும்பினால், காரணத்தை எழுதி, முறையைக் கையால் மாற்றலாம். அதைச் சேர்க்கும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. தன் கோடில் தனக்கே நம்பிக்கையில்லை என்று எழுதி ஒட்டியது போல.

நவம்பர் முதல் சனிக்கிழமை, பின்னேர அஸர் தொழுகை முடிந்து கூட்டம் கூடியது. கம்பெனியின் படிவமும் தோமஸின் கையில் இருந்தது. லப்டொப்பை ஐஸ் பெட்டி மேல் வைத்து அவள் மணலில் முழங்காலிட்டாள். வாப்பா பின்வரிசையில், வாசல் பக்கமாக இருந்தார்.

"கேளுங்கப்பா," என்றார் தோமஸ். "உங்களுக்கு இஷ்டமான மாதிரிக் கேளுங்க."

ஒருவர் கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி, நாலு பேர். யாரு?" அவள் தட்டினாள். ஐந்தாம் நம்பர் என்று வந்தது. எல்லாத் தலையும் பலகைப் பக்கம் திரும்பியது. முன்னால் நின்ற இரண்டு மிதப்பும் கிறிஸ்தவர்களுடையவை, மூன்றாவது ஐந்து. "சரிதான்," என்றது ஒரு குரல். வெள்ளி கேட்டார்கள். பாரைத் தாண்டித் திரும்பியதைக் கேட்டார்கள், தாண்டாமல் திரும்பியதைக் கேட்டார்கள். மையத்து வீட்டைக் கேட்டபோது, "யாருட வீட்டில எண்டு சொல்லாதீங்க," என்று ஒருவர் தடுத்தார். கேட்ட எல்லாவற்றுக்கும் சரியான படகே வந்தது. வாப்பா கொஞ்சம் முன்னால் நகர்ந்து வந்து இருந்ததை அவள் கண்டாள்.

அப்போது ஜபார் தொண்டையைச் செருமினார்.

"நான் முறைக்குப் போக ஆயத்தமா நிக்கிறன். செபஸ்தியாம்பிள்ளை காக்காட என்ஜின் கடலுக்குள்ள நிண்டுட்டுது. நான் வந்தவங்களை அடுத்த போட்டில ஏத்திட்டு, காக்காவை இழுக்கப் போறன். என்ட முறை என்ன?"

ஸுல்பிகாவின் விரல்கள் நின்றன. ஏழு நாளில் யாருடைய என்ஜினும் நிற்கவில்லை. கொப்பியில் அது இல்லை. கோடிலும் இல்லை.

"தெரியாது," என்றாள். "அது இதில இல்ல."

தோமஸ் கையில் இருந்த படிவம் காற்றில் படபடத்தது. முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

"இதில என்ன தெரியாது?" என்றார் செபஸ்தியாம்பிள்ளை. "இழுக்கப் போனவன்ட ஆணி அசையக் கூடாது. அவ்வளவுதான்."

"அசையக் கூடாதா?" என்றார் இன்னொருவர். "போன வரியம் நான் இழுத்துட்டு வந்தன், நீங்கதான் என்னைக் கடைசியில மாட்டினீங்க!"

"அது நீ மீனும் பிடிச்சிட்டு வந்த!"

"ரெண்டு சூரை! ரெண்டு சூரை மீன் ஒரு மீனா?"

"இழுக்கப் போறவனுக்கு முன் ஆணி குடுக்கணும்," என்றார் வாப்பா, எல்லோருக்கும் மேலாக. "பின்ன எவன் போவான்?"

பத்து நிமிடம் ஆளுக்காள் கத்தினார்கள். ஸுல்பிகா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவர்களுக்கும் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருசமும், ஒவ்வொரு தரமும் பலகைக்கு முன்னால் நின்று பேசிப் பேசித்தான் தீர்த்திருக்கிறார்கள்.

தோமஸ் கையைத் தூக்கினார். "ஹரி, ஹரி! கம்பெனிக்காரனிட்ட இதைக் கேட்டா என்ன சொல்லுவான்?"

"கொழும்பில இருந்து அவனா வந்து போட்டை இழுப்பான்?" என்றார் ஜபார்.

"இது நாங்க பேசித் தீர்க்கிற விசயம். எண்டைக்கும் அப்படித்தான். ஆனா மகள், பேசித் தீர்த்த பிறகு உன்ட தளத்தில அதை எங்க சொல்றது?" என்று கேட்டார் தோமஸ்.

அவள் அந்தப் பொத்தானைக் காட்டினாள். வெட்கப்பட்டுச் சேர்த்த பொத்தான். அழுத்தினால் பதினொரு நம்பரும் வரிசையில் வரும்; எதையும் எங்கேயும் நகர்த்தலாம்; கீழே காரணம் எழுத ஓர் இடம்.

தோமஸ் குனிந்து பார்த்தார். தன் போனிலும் அதைத் திறக்கச் சொல்லி, பெருவிரலை வைத்து ஒரு தரம் அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தரம் அழுத்தினார்; பக்கத்தில் இருந்த வேறெதுவோ திறந்தது.

"இதென்ன, எறும்புக்குச் செஞ்சதா? என்ட விரலுக்குப் பிடிபடுதில்லையே."

"பெருசாக்கிறன் மாமா. இப்பவே."

"ஆக்கு," என்றார் அவர். கம்பெனியின் படிவத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஐஸ் பெட்டியின் ஒரு மூலைக்குக் கீழே செருகினார். "இந்த சீசன் முழுக்க இதுதான். ஆருக்கும் மறுப்பிருக்கா?"

மறுப்புச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. இரண்டு சூரை மீன் கதை மறுபடி தொடங்கியிருந்தது.

அவள் பொத்தானைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கும்போதே தோமஸின் போன் சிணுங்கியது. அவர் பழக்கத்தில் காதுக்குக் கொண்டுபோய், கோல் இல்லை என்று கண்டு, இறக்கிப் பார்த்தார். திங்கட்கிழமை காலை ஆறு மணி, ஐந்து பேர், டொல்பின். நாள் சரி. செய்தி அவர்களுக்குப் போயிருந்தது. முறை செபஸ்தியாம்பிள்ளைக்கு. யாரும் ஒரு வார்த்தை பேசத் தேவைப்படவில்லை.

வாப்பாவுடையதாக இருக்கக்கூடாதா என்று ஸுல்பிகாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம், அப்படி வந்திருந்தால் தான் எழுதியதையே சந்தேகப்பட்டிருப்பாள் என்றும் தோன்றியது.

வாப்பா வந்து அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ட எங்க ஈக்கிது?"

"நாலாவது, வாப்பா."

அவர் விரல் விட்டு எண்ணினார். "அப்ப வியாழன். புக்கிங் கூடினாப் புதன்." பிறகு எழும்பி, சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"எங்க போறீங்க?"

"போட்டைக் கழுவ," என்றார். "புதன் எண்டா இனி எத்தின நாள் ஈக்கி?"